பித்தளைப் பூட்டு கிடைத்த ஊர்

அத்தானைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய திக்குவாயைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். மனுஷன் கருகிப்போன மோட்டாரைக் கையில் வாங்கி மறுநாள் ஓடவிட்டுத் தருகிறவர். அக்காவுக்கு முன்னால் எழுந்து தண்ணீர் பிடித்து வைக்கிறவர். கோபம் வந்தால் சத்தம் போடாமல் வாசலில் போய் நின்றுகொள்கிறவர். இதையெல்லாம் விட்டுவிட்டு, "வாய் திக்குமே, அவர்தானே?" என்பார்கள். என்ன செய்ய, இந்தக் கதையை நானும் அங்கிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

அத்தான் என் அக்காவின் கணவர். அப்போது நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். பெரிய நகரம், மூன்றாவது மாடி, ஒரே ஒரு படுக்கையறை. கூடத்தில் என் பாய். பகலில் எனக்குப் பேருந்து நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் வேலை. வரிசையில் நிற்கிறவர் வாயைத் திறப்பதற்குள் எந்த ஊர், எத்தனை பேர் என்று கண்டுபிடித்துவிடுவேன். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அத்தான் "த..." என்று தொடங்கினால் தண்ணீர்ச் சொம்பு அவர் கையில் இருக்கும். பாவம், அவருக்கு வேண்டியது தலையணையாக இருந்திருக்கும். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வார்.

அதுதான் அவர் சுபாவம். யார் எதை ஊகித்துச் சொன்னாலும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். பேச்சு முடிந்தால் போதும் அவருக்கு. கடைக்குப் போனால் தனக்கு வேண்டியதை வாங்கி வரமாட்டார், கடைக்காரர் ஊகித்ததை வாங்கி வருவார். அக்கா வீட்டு அலமாரியில் யாருமே கேட்காத சாமான்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. ஒரு மழை நாளில் குடை வாங்கப் போனவர், பிளாஸ்டிக் குடத்தோடு நனைந்துகொண்டு வந்து நின்றார்.

"ஏன் அத்தான், அது இல்லன்னு தலைய ஆட்டக்கூடாதா?" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ப... பரவால்ல," என்று தலையைத் துவட்டிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. குடத்தை வாங்கி அலமாரி மேல் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தான் ஒரு மோட்டார் கம்பெனியின் பின்பக்க அறையில் காயில் கட்டிக்கொண்டிருந்தார். தாமிரக் கம்பியை அச்சில் சுற்றிச் சுற்றிக் கட்டுகிற வேலை. எத்தனை சுற்று என்று வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு சுற்ற வேண்டும். எண்ணும்போது மட்டும் அவருக்குத் திக்காது, தண்ணீர் ஓடுகிற மாதிரி வரும். நடுவில் யாராவது கூப்பிட்டால் கணக்குத் தவறி, கம்பியை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டியதாகிவிடும். அதனால் அந்த அறையில் அவரை யாரும் இடைமறிப்பதில்லை. உலகத்திலேயே அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்த இடம் அது ஒன்றுதான்.

அதற்கும் ஒரு நாள் வேட்டு வந்தது. அக்கா ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். நகரத்து லேபை மூடப்போகிறோம், மூன்று சின்ன ஊர்களில் புதுக் கிளை திறக்கிறோம், எது வேண்டுமோ நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வீட்டுச் சோறு அக்கா சம்பளத்தில்தான் முக்கால்வாசி வேகும், போகாமல் முடியாது. அந்த ஊர்கள் எதிலும் மோட்டார் கம்பெனி கிடையாது. அத்தான் சொந்தமாகக் கடை போட வேண்டும். கடை என்றால் வருகிறவனிடம் பேச வேண்டும், கூலி சொல்ல வேண்டும், எதிர்த்துப் பேசினால் பதில் பேச வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லி வைத்த பெரியவர்கள், வாய் திக்குகிற பிள்ளை என்ன செய்வான் என்று சொல்லாமல் போய்விட்டார்கள்.

ஊர் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னாலேயே சொந்தபந்தம் முழுக்க யோசனை சொன்னது. தண்ணீர் எப்படி என்று பார், வாடகையைக் கேள், கடைசி பஸ் எப்போது என்று விசாரி. அக்கா எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றாள். அவள் மனசுக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. முதல் ஊருக்குப் போகிற பஸ்ஸில், அத்தானின் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் துண்டுக் காகிதத்தையும் உருவித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வாய் வராத இடத்தில் எழுதிக் காட்டுவதற்காக அவர் வைத்திருப்பது.

"புதுக் கடைக்குப் பூட்டு வேணும். பித்தளைப் பூட்டு. போற ஊர்ல நீங்களே கேட்டு வாங்குங்க," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'ப' என்றாலே அவருக்கு மலை. "அக்கா, உனக்கென்ன பைத்தியமா? ஒரு சுத்தியல் கேக்கச் சொல்லேன்," என்றேன்.

"நீ வாய மூடிட்டு வா," என்றாள்.

முதல் ஊரில் ஒரு பெரிய பாலம் இருந்தது. மருத்துவமனையும் பெரியது. அங்கே போனால் அக்காதான் லேபுக்குப் பொறுப்பு, அவளுக்குக் கீழே நாலு பேர். பின்னாலேயே வீடு, முற்றத்தில் குழாய், மாடிக்குப் போகத் தனிப்படி. எனக்கு அந்த முற்றத்தைப் பார்த்ததுமே வந்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. அக்கா எங்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். இரும்புச் சாமான் கடை வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொள்ள, அத்தான் உள்ளே போனார்.

"பி... பி..." என்பது வெளியே கேட்டது.

"பினாயிலா? பெருசா சின்னதா?" என்றார் கடைக்காரர். நல்ல மனுஷன்தான், உதவி செய்வதாக நினைப்பு. அத்தான் பினாயில் பாட்டிலோடு வெளியே வந்தார்.

அடுத்த வாரம் இரண்டாவது ஊர், ஆலை ஊர். அங்கே கடையில் கூட்டம். கடைக்காரர் இவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் "பிரஷ்தானே?" என்று ஒன்றை எடுத்துப் போட்டார். பின்னால் நின்ற எவனோ ஒரு தடியன் "பி... பி..." என்று அதே மாதிரி சொல்லிக் காட்டினான், நாலு பேர் சிரித்தார்கள். நான் உள்ளே போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன், அக்கா விடவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அத்தான் வெள்ளையடிக்கிற பிரஷை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்றாவது ஊர் இருப்பதிலேயே சின்னது. ஒரே ஒரு நீளக் கடைத்தெரு, அதன் இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். மத்தியானத்திலும் தெரு இருட்டிக் கிடந்தது. மருத்துவமனை நாலு அறை. அங்கே புது லேபுக்கு ஏற்கெனவே ஒருத்தரைப் பொறுப்பில் போட்டிருந்தார்கள், அக்கா அவருக்குக் கீழேதான் உட்கார வேண்டும். இதெல்லாம் ஒரு ஊரா என்று எனக்கு எரிச்சல்.

கடையில் மேலேயிருந்து கயிறுகள் தொங்கின. கீழே சாக்குகளில் ஆணி. நடுவில் ஒரு பெரிய உருவம், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேறு ஆளில்லை. அத்தான் உள்ளே போய் நின்றார்.

"பி..." என்றார். கடைக்காரர் பார்த்தார். "பி... பி..." கடைக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அத்தானின் கழுத்து நரம்பு புடைத்தது. வலது கை தொடையைத் தட்டத் தொடங்கியது.

"அக்கா, நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேனே."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அது ஒரு பகல் முழுக்க மாதிரி இருந்தது. அப்புறம் உள்ளேயிருந்து, "பித்தளைப் பூட்டு வேணும்," என்று முழுசாகக் கேட்டது. கடைக்காரர் எழுந்து போய் இரண்டு பூட்டுகளை எடுத்து வந்து பலகை மேல் வைத்தார். அத்தான் பெரியதைத் தொட்டார்.

வெளியே வந்தவரின் நடையே வேறாக இருந்தது. பூட்டை உள்ளங்கையில் வைத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா நடுத்தெருவில் நின்று அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்த ஊர்தான்," என்றாள். நாலு பேருக்கு மேலே உட்காரும் நாற்காலியையும் முற்றத்துக் குழாயையும் அந்த ஒரு நிமிஷத்தில் தூக்கி எறிந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மூட்டை முடிச்சோடு குடிபோனோம். நானும் கூடப் போய் ஒரு மாதம் இருந்து சாமான்களை ஒதுங்க வைத்தேன். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் மரக்கிளை உள்ளே வரும், அவ்வளவு நெருக்கம். முன்னறையைத் தடுத்துக் கடையாக்கினோம். அத்தான் பலகைகளை அடித்து, கம்பிச் சுருள்களை வரிசையாக மாட்டி, வார்னிஷ் டப்பாவைத் திறந்து வைத்தார். இப்போதும் எங்காவது வார்னிஷ் வாடை வந்தால் நான் அந்த முன்னறையில்தான் போய் நிற்கிறேன். வேறு எந்த வாசனையும் என்னை அப்படி இழுத்துக்கொண்டு போவதில்லை.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, அக்கா ஆணி வாங்கிக்கொண்டு அப்படியே அந்தக் கடைக்காரருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். கடையை நெருங்கும்போதே உள்ளேயிருந்து பேச்சு. ஏதோ பத்துப் பேர் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்தோம். ஒரே ஆள். அதே ஆள்.

"வாங்கம்மா, புதுசா குடிவந்தவங்கதானே, மரத்தடி வீடு, ஆணிதானே, ரெண்டு அங்குலமா மூணு அங்குலமா, ரெண்டே வாங்குங்க, அந்தச் சுவர் மூணு தாங்காது, அதக் கட்டினவன் என் சம்பந்திக்குத் தெரிஞ்சவன், ஒரு மூட்ட சிமெண்ட்ட..."

அக்கா மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் அவள் சொல்ல வந்ததை அவரே சொல்லி முடித்தார். கடைசியில் அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் கேட்டுவிட்டாள். "அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் பூட்டு வாங்க வந்தப்போ நீங்க ஒரு வார்த்தையும் பேசலையே?"

"அன்னிக்கா? அன்னிக்குக் காலைலதாம்மா கடவாப்பல்லு புடுங்கிட்டு வந்தேன். வாய் நெறைய பஞ்சு. பேசினா ரத்தம் நிக்காதுன்னு டாக்டர் மெரட்டி அனுப்பிட்டார். நான் பொறந்ததுலேந்து பேசாம இருந்த நாள் அது ஒண்ணுதான். ஊரே வந்து வேடிக்க பாத்துட்டுப் போச்சு. என்ன எல்லாரும் ரேடியோன்னுதான் கூப்பிடுவாங்க, தெரியாதா?"

மாடு வாங்கப் போகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவான். ஊர் வாங்கப் போன என் அக்கா, கடைக்காரர் பல்லைப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

அவள் ரேடியோவிடம் எதையும் மறைக்கவில்லை. "உங்க பஞ்ச நம்பித்தாங்க நான் பெரிய வேலைய விட்டுட்டு வந்தேன். இவர் பேசி முடிக்கற வரைக்கும் காத்திருக்கற ஊர்னு நெனச்சேன்," என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஆணியை வாங்காமலே திரும்பினோம். அந்த ரேடியோ முதல் தடவையாகப் பஞ்சில்லாமல் வாயடைத்து நின்றதை நான் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். நாளைக்கே நிர்வாகத்தின் காலில் விழப்போகிறேன், பாலத்து ஊருக்கே போய்விடுவோம், அங்கே பினாயிலாவது கொடுத்தான், இங்கே இந்த மனுஷன் உங்களை வாயே திறக்க விடமாட்டான் என்று அழுகையும் கோபமுமாகக் கொட்டினாள். அத்தான் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"எ... எனக்குத் தெ... தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

அவர் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அன்று ரேடியோவின் கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறார். உதட்டோரம் பஞ்சு எட்டிப் பார்த்ததையும் பார்த்திருக்கிறார். உள்ளே போன உடனேயே தெரிந்துவிட்டதாம். அக்காவுக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே. "அப்பவே சொல்றதுக்கென்ன? நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நிக்கறேன்."

அத்தான் பேச ஆரம்பித்தார். 'ம' வந்து நின்றது, 'மு' வந்து நின்றது. என் வாய் தானாகத் திறந்தது, கவுண்டர் புத்தி. அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். கூடத்தில் மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

"மு... முடிச்சேன்ல," என்றார் அத்தான். "அ... அவர் ஏன் பேசலங்கறது எனக்கெதுக்கு? கேட்டு வாங்கினது நா... நான்தானே. எனக்கு இ... இந்த ஊர் போதும்."

அக்கா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அவள் பாலத்து ஊர்ப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த ஊரைப் பற்றி நான் எடுத்தால்கூட, "அந்தக் காத்து எனக்கு ஒத்துக்காது," என்று விடுவாள்.

இரண்டு நாள் கழித்து அத்தானுக்குத் திருகாணி தேவைப்பட்டது. அக்கா என்னைத்தான் போகச் சொன்னாள். அவர் கேட்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். ரேடியோ யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். அத்தான் படியேறியதைப் பார்த்ததும் பேச்சு பாதியில் நின்றது. பக்கத்திலிருந்த கண்ணாடி ஜாடியைத் திறந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உதட்டை இறுக்கி மூடினார். பேச வாயெடுத்த இன்னொருவரைக் கையைக் காட்டி அடக்கினார். அத்தானைப் பார்த்து, சொல்லுங்கள் என்று தலையை அசைத்தார்.

அத்தான் கேட்டு முடித்தார். திருகாணியும் வந்தது. மிட்டாய் கரைந்ததும், அடக்கி வைத்த அத்தனையையும் ரேடியோ சேர்த்துக் கொட்ட ஆரம்பித்தார் பாருங்கள், அத்தான் ஆணிச் சாக்கின் மேல் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். தொடங்க முடியாத ஒருத்தருக்கும் நிறுத்தத் தெரியாத ஒருத்தருக்கும் அப்படி ஒரு சிநேகிதம். கடவுள் எங்கெங்கோ பிய்த்ததை எங்கெங்கோ ஒட்டுகிறார்.

அதற்கப்புறம் நான் நகரத்துக்குத் திரும்பிவிட்டேன். லீவு கிடைத்தால் போய்விடுவேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது கொஞ்சம் மாறியிருக்கும். ரேடியோவின் கடையில் பார்த்த பழக்கம் பால்காரரிடம் தொற்றி, தபால்காரரிடம் தொற்றியது. எல்லாரும் மகான்கள் ஆகிவிடவில்லை. அவசரக்காரர்கள் அவசரக்காரர்களாகத்தான் இருந்தார்கள். ஆனால் யாராவது அத்தான் பேச்சை முடித்து வைத்தால், பக்கத்திலிருப்பவர் "இரு, காயில்காரர் சொல்லட்டும்," என்பார். மரத்தடி வீட்டு முன்னறையில் மோட்டார்கள் குவிந்து கிடந்தன. அலமாரியில் வேண்டாத சாமான் சேரவே இல்லை. பழைய பினாயிலை அக்கா தரை கழுவித் தீர்த்தாள். பிரஷால் வருஷா வருஷம் அத்தான் வீட்டுக்கு வெள்ளையடித்தார். நான் போகும்போதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். நானும் காத்திருக்கப் பழகியிருந்தேன். சொல்லி முடிக்க விட்டால் அத்தான் எவ்வளவு குசும்பு பிடித்த மனுஷன் என்பது அப்போதுதான் தெரிந்தது. என்னைக் கிண்டல் செய்வதற்கென்றே பாதி வாக்கியத்தில் வேண்டுமென்று நிறுத்தி, நான் தவிப்பதைப் பார்த்துச் சிரிப்பார்.

அந்த நாட்கள் இருந்தபோது அவற்றை நான் பெரிதாக நினைக்கவில்லை.

அக்கா ஓய்வு பெற்ற மறு வருஷம் அத்தான் போய்விட்டார். காலையில் கடையைத் திறப்பதற்கு முன்னால், உட்கார்ந்த இடத்திலேயே. காரியமெல்லாம் முடிந்ததும் அக்காவை என்னோடு நகரத்துக்கு அழைத்துப் போய்விடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். இந்தச் சின்ன ஊரில் தனியாக என்ன செய்வாள்? வந்தது வேலைக்கு, வேலையும் முடிந்துவிட்டது. இருந்தது அவருக்காக, அவரும் இல்லை. "பெட்டியக் கட்டுக்கா," என்றேன்.

முன்னறைக்குள் யார் யாரோ கொடுத்த மோட்டார்கள் கிடந்தன. திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பித்தளைப் பூட்டில் சாவியைப் போட்டால் திரும்பவில்லை. இத்தனை நாள் திறக்காமல் மழையில் இறுகிப்போயிருந்தது.

"ஒரு சுத்தியல் வாங்கிட்டு வந்து ஒடச்சிடலாம். காலி பண்ணப் போற வீடுதானே," என்றேன். அக்கா செருப்பை மாட்டினாள். நானும் கூடவே போனேன்.

ரேடியோவுக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே. கடையில் ஐந்தாறு பேர். அக்கா படியேறியதும் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். லேபில் ஒரு நாளைக்கு நூறு பேரிடம் பேசிச் சமாளித்தவள் என் அக்கா. அவளுக்கு ஒரு நாளும் வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை.

"பூ..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. "பூ..." என்றாள் மறுபடியும். கண்ணில் நீர் திரண்டு நின்றது. பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நான் முந்திக்கொண்டு சுத்தியல் என்று சொல்லியிருப்பேன். ஆனால் ரேடியோ அதற்குள் கையை நீட்டிக் கண்ணாடி ஜாடியைத் திறந்துவிட்டார். ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டார். உதட்டை மூடிக்கொண்டு, சொல்லு என்று தலையை அசைத்தார். நின்றிருந்தவர்களில் ஒருத்தரும் அசையவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் போன சத்தம் கேட்டது.

"பூட்டுக்கு எண்ணெய் வேணும்," என்றாள் அக்கா, நிதானமாக, முழுசாக. "கடையத் தொறக்கணும். மத்தவங்க மோட்டாரக் குடுத்துட்டு, அந்த எடத்துலயே ரத்தப் பரிசோதன வெக்கலாம்னு இருக்கேன். நான் எங்கயும் போகல."

ரேடியோ எழுந்து எண்ணெய் டப்பாவை எடுத்து வந்து பலகை மேல் வைத்தார். வாயிலிருந்த மிட்டாய் கரைந்து போயிருக்கும். அதற்கப்புறமும் அவர் பேசவில்லை.